முப்பது விநாடி

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் 2000-ல் வாங்கியது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் மாடிப்படிக்குக் கீழே ஒரு கடை. மதர்போர்டு ஒரு பெட்டி, ஹார்டு டிஸ்க் ஒரு பெட்டி என்று தனித்தனியாக வாங்கி வைத்து, கண்ணெதிரே ஸ்க்ரூ முடுக்கிக் கொடுத்தார்கள். மானிட்டரைப் பச்சைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் அம்பத்தூர் வரை வந்தேன். அதில் இருந்தது விண்டோஸ் 98. அந்த நாளைக்கு அது போதும்.

2004 தீபாவளி போனஸில் மெமரியைக் கூட்டி, எக்ஸ்பி போட்டோம். வீட்டுக்கு வந்த கடைப்பையன் சி.டி.யைச் செருகுவதற்கு முன்னால், "பழைய 98-ஐத் தூக்கிடவா சார்?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் நின்ற அப்பா, "அது பாட்டுக்கு இருக்கட்டும் தம்பி" என்றார். பையன் தோளைக் குலுக்கிவிட்டு, 98-ஐ சி டிரைவில் அப்படியே விட்டு, எக்ஸ்பியை டி டிரைவில் போட்டுவிட்டுப் போனான்.

அன்று முதல் கம்ப்யூட்டரைப் போட்டால் கறுப்புத் திரையில் ஒரு கேள்வி வர ஆரம்பித்தது. எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம் வேண்டும், தேர்ந்தெடு. கீழே இரண்டு வரி. முதல் வரி மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் எக்ஸ்பி புரொஃபஷனல். இரண்டாவது வரி வெறும் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ். பெயரில்கூட அதற்குப் பட்டம் கிடையாது. அடியில் முப்பது, இருபத்தொன்பது, இருபத்தெட்டு என்று ராக்கெட் விடுகிற மாதிரி விநாடிகள் குறையும். பூஜ்யம் வந்ததும் தானாக எக்ஸ்பிக்குள் போகும்.

முப்பது விநாடி என்பது படிக்கும்போது ஒன்றுமில்லை. காத்திருந்து பாருங்கள். அதுவும் ஏழாவது படிக்கும் பெண் இருக்கிற வீட்டில்.

"அப்பா, என் ஃப்ரெண்ட் வீட்ல எல்லாம் போட்டவுடனே வருது. நம்ம வீட்லதான் கவுன்ட் டவுன்!"

என் மனைவி இன்னும் ஒரு படி மேல். "நீங்க ஆபீஸ்ல கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட்லதானே இருக்கீங்க?" என்று கேட்டாள். அதற்கு மேல் ஒரு கணவனால் சும்மா இருக்க முடியுமா? 2005 மே மாதம், ஒரு சனிக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டு வேலையில் இறங்கினேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம். போரடித்தால் இரண்டு பத்தி தாண்டிவிடுங்கள்.

கம்ப்யூட்டரைப் போடுவதை 'பூட்' செய்வது என்கிறோம். பூட்ஸின் பின்பக்கம், இழுத்து மாட்டுவதற்கு ஒரு வார் இருக்குமே, அதிலிருந்து வந்த சொல். தன் பூட்ஸின் வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது. நடக்காத காரியம், ஆனால் கம்ப்யூட்டர் தினமும் செய்கிறது. மின்சாரம் வந்தவுடன் அதற்கு விண்டோஸும் தெரியாது, ஒன்றும் தெரியாது. பயாஸ் என்று ஒரு சின்ன புரோகிராம் மட்டும் கண் விழிக்கிறது. அந்தக் காலத்து மெஷின்களில் பயாஸ் கடைசியில் செய்தது இதுதான்: ஹார்டு டிஸ்க்கின் முதல் 512 பைட்டைப் படித்து, 'இனி நீ பார்த்துக்கொள்' என்று ஒதுங்கிவிடும். அந்த 512-லும் நிரலுக்கு ஒதுக்கியது 446 பைட்தான். இன்றைய யூனிகோடு முறையில் தமிழில் எழுதினால் அதில் நூற்றைம்பது எழுத்து தேறாது. அது அடுத்தவனை எழுப்பி, அடுத்தவன் அதற்கடுத்தவனை எழுப்பி, கடைசியில் விண்டோஸ் சோம்பல் முறிக்கும்.

எக்ஸ்பியில் இந்தச் சங்கிலியின் நடுவில் என்டிஎல்டிஆர் என்று ஓர் ஆசாமி. அபார்ட்மென்ட் வாட்ச்மேன் மாதிரி. அவன் கையில் ஒரு நோட்டு: பூட்.ஐஎன்ஐ. சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். இந்த வீட்டில் யார் யார் குடியிருக்கிறார்கள், எந்தப் பார்ட்டிஷன், எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும், யாரும் பதில் சொல்லாவிட்டால் யாரை எழுப்புவது என்று அதில் எழுதியிருக்கும். நோட்டில் ஒரே பெயர் இருந்தால் வாட்ச்மேன் கேள்வியே கேட்க மாட்டான். இரண்டு பெயர் இருந்தால்தான் கறுப்புத் திரை.

ஆகவே மெனுவை ஒழிப்பது சுலபம். மை கம்ப்யூட்டரில் வலது க்ளிக், ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்-அப் அண்ட் ரெக்கவரி, செட்டிங்ஸ். அங்கே எடிட் என்று ஒரு பட்டன். அழுத்தினால் நோட்பேடில் அந்த நோட்டு விரிந்துவிடும். இரண்டாவது வரி இருந்ததே, வெறும் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ், அதைத் தேர்ந்தெடுத்து டெலீட் அடித்தேன். சேவ். ரீஸ்டார்ட்.

கேள்வி இல்லை. கவுன்ட் டவுன் இல்லை. நேரே எக்ஸ்பி. பெண் கை தட்டினாள். மனைவி காபி கொடுத்தாள், கேட்காமலே. முன்பு வந்த கடைப்பையனிடம் போனில் பெருமையடித்துக்கொண்டேன். "இன்னும் ஏன் சார் அந்த 98-ஐ வச்சிருக்கீங்க? சி டிரைவை ஃபார்மட் அடிச்சிடுங்க, இடமாவது மிஞ்சும்" என்றான். அப்புறம் செய்யலாம் என்று விட்டுவிட்டேன். என் வாழ்க்கையில் சோம்பேறித்தனத்தால் கிடைத்த நன்மைகளில் அது ஒன்று. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அதற்குப் பிறகு ஜூலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திருவாரூரிலிருந்து அத்தையின் போன். அப்பாவின் ஒரே தங்கை. அப்பா வாக்கிங் போயிருந்தார்.

"ஏம்ப்பா, அண்ணனுக்கு எம்மேல ஏதும் கோவமா?"

"சேச்சே, ஏன் அத்தை?"

"ரெண்டு மாசமாப் பெரிய எழுத்துக் கடுதாசி வரலியே. பேனால எழுதித்தான் வருது. எனக்கு எங்க தெரியுது? பக்கத்து வீட்டுப் பொண்ணு வந்து படிச்சுச் சொல்லுது. வேற வீட்டுப் புள்ளகிட்ட எல்லாத்தையும் படிக்கச் சொல்ல முடியுமா, நீயே சொல்லு."

அத்தைக்குச் சர்க்கரை. கண் மங்கிப் பல வருஷம். அப்பா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கம்ப்யூட்டரில் தமிழில் அடித்து, எழுத்தைப் பெரிசாக்கி, தடிமனாக்கி, டாட் மேட்ரிக்ஸ் பிரின்ட்டரில் அச்சடித்து அனுப்புவார். ஒரு பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வரிதான் வரும். கடிதம் நாலு பக்கம், ஐந்து பக்கம் போகும். அந்தப் பிரின்ட்டர் ஒரு பக்கம் அடித்து முடிப்பதற்குள் ரம்பத்தால் தகரம் அறுக்கிற சத்தம் தெருமுனை வரை கேட்கும். மாதம் இரண்டு முறை நிச்சயம்.

இரண்டு மாதமாக அந்தச் சத்தம் வரவில்லை என்பது போனைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. ஒரு சத்தம் வந்தால் உடனே தெரிகிறது; நின்றுபோனால் தெரிவதில்லை.

அப்பா வந்ததும் கேட்டேன். "என்னப்பா, கம்ப்யூட்டர்ல உக்கார்றதே இல்லையா?"

செருப்பைக் கழற்றிக்கொண்டே, "கண்ணு வலிக்குது" என்றார். பொய் சொல்லப் பழகாதவர்.

பெண்தான் போட்டுக் கொடுத்தாள். "தாத்தா கம்ப்யூட்டரைக் கெடுத்துட்டாராம்ப்பா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொன்னார்."

அப்பா பொதுப்பணித் துறையில் தட்டச்சராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். விண்டோஸ் 98-ல் நான் போட்டுக் கொடுத்த ஒரு தமிழ் மென்பொருளில் பழைய தட்டச்சு விசைப்பலகை அப்படியே இருந்தது. அதுதான் அவருக்குக் கம்ப்யூட்டர். அவர் விரல்களுக்குப் பழகிய இடத்தில் எழுத்துக்கள் இருந்தன. அறுபத்தெட்டு வயதில் புதிதாக ஒன்றும் படிக்க வேண்டியிருக்கவில்லை. எக்ஸ்பியிலும் தமிழ் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. லதா என்று ஓர் எழுத்துரு, யூனிகோடு. ஆனால் அதனுடன் வந்த விசைப்பலகை இன்ஸ்கிரிப்ட். தட்டச்சுக்காரருக்கு அது வேறு தேசம். தவிர, அவருடைய மென்பொருள், எழுத்துரு, பிரின்ட்டர் எதையுமே நாங்கள் எக்ஸ்பியில் போடவில்லை. போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அப்பாதான் தினமும் கீழ் அம்பை அழுத்தி இரண்டாவது வரிக்குப் போய்விடுவாரே! அந்த 'அது பாட்டுக்கு இருக்கட்டும் தம்பி'க்கு அர்த்தம் அதுதான். எனக்குத்தான் மறந்துபோயிற்று.

நடந்தது இதுதான். நான் வரியை அழித்ததற்கு மறுநாள் அப்பா வழக்கம்போல உட்கார்ந்திருக்கிறார். கேள்வி வரவில்லை. பச்சைப் புல்வெளியும் நீல வானமுமாக எக்ஸ்பி வந்து நின்றிருக்கிறது. அவரும் விடவில்லை. தேடித் தேடி சி டிரைவுக்குள் போய்த் தன் கடிதங்களைக் கண்டுபிடித்துத் திறந்திருக்கிறார். அங்கே தமிழே இல்லை. தலையில் கொம்பும் காலில் வாலும் வைத்த ஐரோப்பிய எழுத்துக்கள், பக்கம் பக்கமாக.

இன்றைக்கு யூனிகோடு பழகிவிட்டவர்களுக்கு இது புரிவது கஷ்டம். அந்தக் காலத்தில் தமிழ் என்பது ஒரு மாறுவேடம். கம்ப்யூட்டருக்குள் இருந்தது ஐரோப்பிய எழுத்துக்களுக்கான எண். எழுத்துரு அதன் மேல் தமிழ்ச் சட்டையை மாட்டிவிட்டது. ஆளுக்கொரு சட்டை வேறு. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்று தரப்படுத்தினார்கள். ஆனாலும் எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் சட்டை கழன்றுவிடும். ஃபைலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பார்ப்பவருக்கு அது தெரியாது.

அப்பாவுக்கும் தெரியவில்லை. நான்கு வருஷக் கடிதங்களையும் தன் கையாலேயே பாழாக்கிவிட்டதாக நினைத்து, அணைத்துவிட்டு எழுந்திருக்கிறார். இன்னொரு நாள் முயன்று பார்த்திருக்கிறார். அதே கொம்பு, அதே வால். மூன்றாம் நாள் முனைக்கடைக்குப் போய்க் கோடு போட்ட நோட்டு ஒன்றும் இரண்டு பேனாவும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"சொல்லியிருக்கலாமேப்பா!"

"நீ அவ்வளவு காசு போட்டு வாங்கினது. நான் எதையோ அழுத்தி... எதுக்குன்னுதான் விட்டுட்டேன்."

முப்பத்தாறு வருஷம் சர்க்கார் டைப்ரைட்டரில் ஒரு எழுத்துப் பிழைக்குத் தாளையே மாற்றி அடித்த மனிதர். மகன் வீட்டுப் பொருளைக் கெடுத்துவிட்டோம் என்று இரண்டு மாதம் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். கெடுத்தவன் நான். காபி வாங்கிக் குடித்தவனும் நான்.

உடனே உட்கார்ந்தேன். நல்லவேளை, நான் அழித்தது நோட்டில் இருந்த பெயரைத்தான், வீட்டை அல்ல. மெனுவில் ஒரு வரியை நீக்கினால் அந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம் டிஸ்க்கில் அப்படியேதான் இருக்கும். வாட்ச்மேன் அதை எழுப்ப மாட்டான், அவ்வளவுதான். சி டிரைவில் பூட்செக்ட்.டாஸ் என்று ஒரு சின்ன ஃபைல், 98-ஐ எழுப்பும் மந்திரம், பத்திரமாக இருந்தது. நோட்டைத் திறந்து கடைசி வரியை மறுபடி எழுதினேன். சி டிரைவின் பெயர், சமக்குறி, மேற்கோள் குறிக்குள் ஒரு பெயர். அந்தப் பெயர் என்னவாக இருந்தாலும் விண்டோஸுக்குக் கவலையில்லை. நாம் படிப்பதற்காக மட்டுமே அது. எனவே வெறும் மைக்ரோசாஃப்ட் விண்டோஸுக்குப் பதில், ஆங்கில எழுத்தில் 'அப்பா' என்று அடித்தேன்.

ரீஸ்டார்ட். கறுப்புத் திரை. எக்ஸ்பி, அதன் கீழே அப்பா.

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, கீழ் அம்பை அழுத்தி, என்டர் தட்டினார். கடிதத்தைத் திறந்தார். தமிழ். ஒரு புள்ளி குறையாமல் அத்தனையும் இருந்தது. மே மாதம் பாதியில் நின்ற கடிதம் 'இங்கே வெயில் தாங்கவில்லை' என்ற இடத்தில் நின்றிருந்தது. அதை அழிக்காமல் பக்கத்திலேயே 'இப்போது பரவாயில்லை' என்று அடித்துத் தொடர்ந்தார். சாயங்காலம் தகரம் அறுக்கும் சத்தம் கேட்டது. பெண் காதைப் பொத்திக்கொண்டாள். நான் பொத்திக்கொள்ளவில்லை.

சரி, முப்பது விநாடி? அதற்குத் தீர்வு அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்பா என்டர் தட்டியதைப் பார்த்த பெண், "அப்போ நாங்களும் எக்ஸ்பி மேல என்டர் தட்டினா உடனே போயிடுமா?" என்றாள். போகும். மெனு வந்தவுடன் என்டர் தட்டினால் காத்திருக்கவே வேண்டாம். மாதக்கணக்கில் மூன்று பேர் கையைக் கட்டிக்கொண்டு விநாடி எண்ணியிருக்கிறோம். கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட்!

சோம்பேறித்தனம் காப்பாற்றியது என்றேனே, அதைச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்பி இருந்தது டி டிரைவில். ஆனால் அதை எழுப்பும் என்டிஎல்டிஆரும் நோட்டும் இருந்தது சி டிரைவில், 98-ன் பக்கத்தில். கடைப்பையன் சொன்னபடி சி-யை ஃபார்மட் அடித்திருந்தால் அப்பாவின் கடிதங்கள் போயிருக்கும். கூடவே எக்ஸ்பியும் எழுந்திருக்காது. வேண்டாதது என்று இடித்த சுவரில்தான் வேண்டியதன் உத்தரம் உட்கார்ந்திருந்தது.

பின்னாளில் நண்பர்கள் வீட்டில் இதன் மறுபக்கத்தையும் பார்த்தேன். ஆசைக்கு லினக்ஸ் போட்டுவிட்டு, பிறகு வேண்டாம் என்று விண்டோஸிலிருந்தே அந்தப் பார்ட்டிஷனை அழித்துவிடுவார்கள். இது பெயரை விட்டுவிட்டு வீட்டை இடிப்பது. முதல் 512 பைட்டில் லினக்ஸின் க்ரப் உட்கார்ந்திருக்கும். அது தன் மீதிப் பாதியைத் தேடிப் போய், அங்கே மனை காலியாக இருக்க, 'எரர் 22' என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். விண்டோஸ் முழுசாக இருந்தும் எழுப்ப ஆளில்லை. எக்ஸ்பி சி.டி.யைப் போட்டு, ரெக்கவரி கன்சோலில் ஃபிக்ஸ்எம்பிஆர் என்று ஒரே ஒரு வார்த்தை அடித்தால் சரியாகிவிடும். அந்த ஒரு வார்த்தை தெரியாமல் டிஸ்க் முழுவதையும் ஃபார்மட் செய்தவர்கள் உண்டு.

இதெல்லாம் பழங்கதை. 98-க்கு 2006 ஜூலையிலும் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும் மைக்ரோசாஃப்ட் கையைக் கழுவியது. விஸ்டாவிலிருந்து பூட்.ஐஎன்ஐ போய், பிசிடி என்று வேறு பதிவேடு வந்துவிட்டது. அதை நோட்பேடில் திறக்க முடியாது. இன்றும் சிலர் வீட்டில் விண்டோஸை இரண்டு முறை போட்டு ஒரே பெயரில் இரண்டு வரி வந்து நிற்கும். எம்எஸ்கான்ஃபிக் போய், பூட் என்ற பக்கத்தில் வேண்டாததைத் தேர்ந்தெடுத்து டெலீட் கொடுத்தால் போய்விடும். இப்போது ஓடிக்கொண்டிருப்பது எது என்று அதிலேயே எழுதியிருக்கும், அதைத் தொடாதீர்கள். தொடுவதற்கு முன் பிசிடிஎடிட் கட்டளையால் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டில் இருக்கிறவர்களைக் கூப்பிட்டு ஒரு கேள்வி: 'இதை யாராவது உபயோகிக்கிறீங்களா?' இந்தக் கடைசிக் கட்டளை எந்த மேனுவலிலும் இல்லை.

அப்பா 2011-ல் போய்விட்டார். அத்தை அதற்கு மூன்று வருஷம் கழித்து. காரியத்துக்குத் திருவாரூர் போனபோது அத்தை மகள் ஒரு பிஸ்கட் டின்னைக் கொடுத்தாள். பெரிய எழுத்துக் கடுதாசிகள், ஓரத்தில் துளை போட்ட தாளில், ரிப்பன் மை வெளுத்து. தேதி வாரியாக அடுக்கியிருந்தது. 2005 மேக்கும் ஜூலைக்கும் நடுவில் நான்கே நான்கு கடிதம் பேனாவில். அவற்றின் மடிப்பு மட்டும் நையவில்லை. மற்றதெல்லாம் தொட்டால் இரண்டாகிவிடும் போல இருந்தது.

அன்றைக்கு மெனுவில் பெயரைப் போட்டுக் காட்டிவிட்டு, "விநாடியைப் பத்தாக் குறைச்சிடவாப்பா?" என்று கேட்டேன். அப்பா திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"முப்பதே இருக்கட்டும்ப்பா. எம்பேரு கொஞ்ச நேரம் தெரியட்டுமே."